படத்தில் இருந்த தாள்

“கேட்டியா?”

“இன்னும் இல்ல.”

“போன மாசமும் இதையேதான் சொன்னே.”

“போன மாசம் அண்ணிக்கு ஜுரம்.”

“அதுக்கு முந்தின மாசம்?”

“புது டிசைன் வந்துச்சு, வேலை தலைக்கு மேல. நீங்க கப்பல்ல உக்காந்துக்கிட்டுச் சுலபமாக் கேக்கறீங்க. ஒரே வீட்ல, ஒரே சமையக்கட்டுல தினமும் அவங்க முகத்தைப் பாக்கறது நான்.”

“காய்கறிக்காரன்கிட்ட அந்த நீளம் நீளற வாய், அண்ணிகிட்ட மட்டும் எங்கதான் ஓடி ஒளியுதோ!”

நான் சிரித்தேன். ஃபோனில் என் கணவர் சிரிக்கவில்லை. “சிரிச்சு மழுப்பாதே. நம்ம பொண்ணு முகத்தை எத்தனை பேர் பாக்கறாங்கன்னு யாருக்கும் தெரியாது. எனக்கு நடுக்கடல்ல தூக்கம் வரலை” என்றார். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய பேச்சு இது. தாவரப் பூங்காவின் கண்ணாடிக் கூடத்துக்குள் உடைப்பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த அன்று காலையிலும் அது என் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. இன்று கேட்டுவிட வேண்டும், படப்பிடிப்பு முடிந்ததும் கேட்டுவிட வேண்டும் என்று வழக்கம்போலச் சொல்லிக்கொண்டேன்.

அண்ணி குழந்தைகளுக்கான பருத்தி உடைகள் தைத்து, சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம் வைத்து விற்கிறார். நான் படங்களைத் திட்டமிடுகிறேன். எந்த இடம், எந்த நேரத்து வெளிச்சம், எந்த உடைக்கு எந்தப் பின்னணி, எந்தப் படம் எந்த வாரம் வெளியாக வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. ஒரே நாளில் ஏழு உடைகளை எடுத்து இரண்டு மாதத்துக்குப் பிரித்துப் போடுவோம். பார்க்கிறவர்களுக்கு ஒரு வீட்டின் அன்றாடம் போலத் தெரியும். அந்த வீட்டின் குழந்தை என் மகள். ஐந்து வயது. பக்கத்தில் அவளுக்குப் பெயர் ‘பட்டாணி’. வீட்டில் சுண்டுவிரல் மாதிரி ஒட்டிக்கொண்டு திரிவதால் ‘சுண்டு’. அந்தப் பெயரை வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. எனக்கென்று நான் வைத்திருந்த ஒரே கதவு அது.

நான் வேலை பார்த்த அலுவலகத்தை மூடியபோது, கைக்குழந்தையோடு வந்த எங்களுக்கு மாடி அறையை ஒழித்துத் தந்தவர் அண்ணி. முதல் பிறந்தநாளுக்கு அவரே தைத்த பச்சை கவுனில் சுண்டுவை எடுத்த படம்தான் அந்தப் பக்கத்தின் முதல் படம். நாற்பதாயிரம் பேர் அந்த முகத்துக்காக வந்து சேர்ந்தார்கள். “அவ முகத்தை எடுத்துடுங்க” என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சோறு போட்ட கையைத் தட்டிவிடுவது போலல்லவா இருக்கும்?

“பிளானிங் மேடம்! முதல் டிரஸ் மஞ்சளா, நீலமா?” அண்ணி கூப்பிட்டார்.

“மஞ்சள். வெயில் ஏறினா மஞ்சள் வெளுத்துடும், அண்ணி.”

“கேட்டீங்களாய்யா? சீக்கிரம்!”

புகைப்படக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரை எல்லாரும் ‘மேகம்’ என்றுதான் கூப்பிடுவோம். மேகம் வந்து வெயிலை மறைக்காமல் ஒரு படம்கூட எடுக்க மாட்டார்.

“வரும்மா, வரும். அதுக்கும் அவசரம்னு சொல்லுங்க, ஓடி வரட்டும்” என்றார்.

மூன்று உடைகள் ஒழுங்காக முடிந்தன. நான்காவதற்கு மடக்குக் கூடாரத்துக்குள் சுண்டுவுக்கு உடை மாற்றிவிட்டு, கழுத்துப் பட்டனை எடுக்க வெளியே வந்தேன். பெட்டியில் பட்டன் டப்பாவைத் தேடி எடுக்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். திரும்பிப் போனபோது அவள் கையில் ஒரு துணி முயல் இருந்தது. வெள்ளை முயல், புதுசு. எங்களுடையது அல்ல.

“இது யாருடி குடுத்தா?”

“ஒரு ஆன்ட்டி.”

“எந்த ஆன்ட்டி?”

“சுண்டு சுண்டுன்னு கூப்டாங்கம்மா. எட்டிப் பாத்துக் குடுத்தாங்க.”

என் கையிலிருந்து பட்டன் விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. கூடாரத்தின் பின்பக்கத் துணியை விலக்கிப் பார்த்தேன். பெரிய இலைகளும் ஈரத் தரையும்தான் தெரிந்தன. கண்ணாடிக்கு அப்பால் யாரோ நடப்பது போல ஒரு நிழல். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

சுண்டு. அந்தப் பெயர் எப்படித் தெரியும்? முயல் என்றால் அவள் உயிரையே விடுவாள் என்று எப்படித் தெரியும்?

அப்போதுதான் எனக்கு அந்தத் தாள் நினைவுக்கு வந்தது.

ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் ஒரு திட்டத் தாள் போடுவேன். நேரம், இடம், உடை, வெளிச்சம் என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பே ‘சுண்டு’. குழந்தையை வைத்துப் படமெடுக்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம். ‘பத்தேகாலுக்குப் பசிக்கும். வலது காதுப் பக்கம் முடியைத் தொட்டால் அழுவாள். சிரிக்காவிட்டால் முயல் பொம்மை காட்டவும், உடனே வந்துவிடுவாள். மறுநாள் மூன்றரைக்குப் பள்ளி வாசல், பிறகு பல் டாக்டர். அதனால் இன்றே ஏழு உடையும் முடிக்க வேண்டும்.’

சென்ற வாரம் ‘அம்மாவின் காலை மேசை’ என்று ஒரு படம் எடுத்தோம். காபிக் கோப்பை, நூல்கண்டு, மூக்குக் கண்ணாடி, ஒரு காகிதம், மேலிருந்து ஒரே படம். நான் வெற்றுக் காகிதம்தான் வைத்திருந்தேன். “வெத்துப் பேப்பர் வெச்சா வெத்துப் பேப்பராத்தான் தெரியும். ஏதாவது எழுதினதா வை” என்றார் அண்ணி. பக்கத்தில் கிடந்த இந்தப் படப்பிடிப்பின் திட்டத் தாளை எடுத்து, பாதியைக் கோப்பையால் மறைத்து வைத்தேன். மறைந்தது வெளிச்சக் கட்டம். நேரமும் இடமும் கடைசிக் கட்டமும் வெளியே இருந்தன. படம் நேற்றுக் காலை வெளியானது.

என் மகளை எப்படி அழைத்துப் போவது என்று என் கையெழுத்திலேயே எழுதி, நாற்பதாயிரம் பேருக்கு நானே கொடுத்திருந்தேன்.

“அண்ணி!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். விளக்குத் தாங்கிகளைத் தாண்டி அவர் கையைப் பிடித்து, என் ஃபோனில் அந்தப் படத்தைத் தேடி, விரலால் விரித்துக் காட்டினேன். எழுத்துகள் அவ்வளவு தெளிவாக இருந்தன. அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை.

“சரி, பதறாதே. முதல்ல குழந்தையைக் கூட்டிட்டு வா” என்றார்.

ஓடினேன். கூடாரம் காலி.

அவளை விட்டுவிட்டு ஓடி வந்தவள் நான்தானே! கண்ணாடிக் கூடத்தில் நான்கு அறைகள். கள்ளிச் செடி அறையில் யாரும் இல்லை. குளத்து அறையில் இரண்டு மாணவிகள் படம் வரைந்துகொண்டிருந்தார்கள், “சின்னப் பொண்ணு, வெள்ளை கவுன்?” என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்கள். அந்தக் குளத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். மேகம் காமிராவைத் தரையில் வைத்துவிட்டு வெளிவாசலுக்கு ஓடுவது தெரிந்தது. காமிராவைத் தரையில் வைத்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

கடைசி அறை கொடிகளுடையது. அதன் மூலையில் ஒரு இரும்பு பெஞ்சு. அதில் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு நல்ல தோல் பை. பக்கத்தில் என் மகள், பின்னல் போட்டுக்கொள்ளத் தலையைச் சாய்த்துக் கொடுத்தபடி.

“சுண்டு!”

“பதட்டப்படாதீங்கம்மா” என்றார் அந்தப் பெண். குரலில் அவ்வளவு கனிவு. “வலது பக்கம் தொடவே இல்லை நான். இடது பக்கம்தான் பின்றேன். நாளைக்குப் பல் டாக்டருக்குப் பயப்படக் கூடாதுன்னு சொல்லிட்டிருந்தேன். இல்லடா செல்லம்?”

அவளை இழுத்து என் இடுப்பில் ஏற்றிக்கொண்டேன். எத்தனையோ மாதமாக ஏற்றுவதில்லை, அவ்வளவு கனம். “யாரு நீங்க? எதுக்கு இவளைக் கூட்டிட்டு வந்தீங்க?”

“கூட்டிட்டு வரலையே. முயலுக்குத் தங்கச்சி இருக்குன்னேன், அவளே வந்தா.” பையைத் திறந்து இன்னொரு முயலைக் காட்டினார். “ஒரு வயசுலருந்து பாக்கறேன். என் வீட்ல பேசறதுக்கு யாரும் இல்லம்மா. காலைல எழுந்ததும் பட்டாணி என்ன பண்றான்னுதான் பாப்பேன். முதல் பல் விழுந்தப்ப நான் அழுதேன், தெரியுமா? ஒரு தடவை நேர்ல பாத்துடணும்னு ஆசை. அவ்வளவுதான்.”

திட்ட வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவர் கண்கள் நனைந்திருந்தன. அந்தக் கண்ணீர்தான் என்னை மேலும் பயமுறுத்தியது. கெட்டவர் என்றால் கத்தியிருப்பேன், யாரையாவது கூப்பிட்டிருப்பேன். இவர் நல்லவர். நல்லவராலேயே நாலு நிமிடத்தில் இவ்வளவு தூரம் வர முடிந்திருக்கிறது.

“அந்தப் பேப்பரைப் பெரிசு பண்ணிப் பாத்தது நான் மட்டுமில்லம்மா” என்றார் எழுந்தபடி. “கீழ கமெண்ட்ல ஒருத்தர் எந்த ஸ்கூல்னு கேட்டிருக்கார். முன்னாடி ஒரு படத்துல அவ போட்டிருந்த யூனிஃபார்மை வெச்சு இன்னொருத்தர் பதில் சொல்லியிருக்கார். பாத்துக்குங்க. அதையும் சொல்லிடணும்னுதான் வந்தேன்.”

இரண்டாவது முயலைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அண்ணியும் மேகமும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். அண்ணி சுண்டுவின் இரு கன்னத்தையும் பிடித்து முத்தம் கொடுத்தார், பிறகு அழுதார், பிறகு அவளைத் திட்டினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அங்கேயே நின்று அந்தப் படத்தை நீக்கினார்.

“நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்ப வேணாம். உங்கண்ணன் போய் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேசட்டும். போலீஸ்ல சொல்லணும்னாலும் சொல்லலாம்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீ உன்னையே நொந்துக்காதே. எழுதினதா வைன்னு சொன்னது நான்தானே. இனிமே அந்த மாதிரிப் பேப்பர் எதுவும் படத்துல வரக் கூடாது. என்ன?”

தலையாட்டினேன்.

“அத்தை, எனக்குப் பசிக்குது” என்றாள் சுண்டு.

“இதோடா கண்ணு.” அண்ணி அவள் கலைந்த பின்னலைச் சரிசெய்தார். கண்ணாடிக் கூரையில் வெளிச்சம் மங்கி மென்மையாக இறங்கியிருந்தது. அண்ணி அண்ணாந்து பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாக, பாசத்தோடுதான் கேட்டார். “சாப்ட்டுட்டு இந்த ஒரு டிரஸ்ஸ மட்டும் முடிச்சுடலாமா? ஒரே ஒரு சிரிப்பு. அப்புறம் நேரா வீட்டுக்கு.”

மேகம் தரையைப் பார்த்தார். சுண்டு என் தோளில் தலையை வைத்துக்கொண்டு, கேட்டவுடன் சிரிக்கும் அந்தச் சிரிப்பை முகத்தில் வரவழைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வயதிலிருந்து பழகிய சிரிப்பு. கூடாரத் துணியை விலக்கி எட்டிப் பார்த்த முகத்துக்கும் இதைத்தான் காட்டியிருப்பாள்.

மாடி அறை, பச்சை கவுன், ஜுரத்தில் கிடந்த எனக்கு அவர் கலக்கிக் கொடுத்த கஞ்சி எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன் வந்து நின்றன. அவள் முகத்தை என் கழுத்துப் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணி” என்றேன். குரல் என்னுடையது போலவே இல்லை. “இவ முகம் இனிமே எந்தப் படத்துலயும் வர வேணாம். இதுவரைக்கும் போட்டது அத்தனையையும் எடுத்துடுங்க.”