அடங்கிப்போவதற்கும் ஒரு பெயர்

எனக்கு வேண்டியிருந்தது பட்டம் இல்லை, இரவில் தூக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விட்ட படிப்பின் ஏக்கம், அறிவுப் பசி என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

குடிகாட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பேனல் ஆபரேட்டராக இருந்தேன். ரியாக்டரின் வெப்பமும் அழுத்தமும் திரையில் ஓடும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்து ரீடிங் எழுத வேண்டும். பெரும்பாலும் நைட் ஷிப்ட்தான் விழும். விடிந்ததும் கடலூர் முதுநகரில் இருக்கும் வீட்டுக்கு வந்து, ஜன்னலில் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டுப் படுப்பேன். தெருவில் மீன்காரி கூவுவாள், பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கும், எதிர்வீட்டில் சீரியல் ஓடும். தூக்கம் மட்டும் வராது. பல வருடம் இப்படிக் கிடந்தால் மனிதனுக்கு யாரையும் பிடிக்காமல் போய்விடும். எனக்குப் போயிருந்தது.

அந்த வருடம் எங்கள் கம்பெனியில் ஜெனரல் ஷிப்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. காலையில் போய் மாலையில் திரும்பலாம். இன்ஜினியரிங் முடித்திருக்க வேண்டும் என்றார்கள். நான் முடிக்கவில்லை. சிதம்பரத்தில் கெமிக்கல் படித்து எல்லாத் தாளும் தேறி, கணக்குத் தாள் ஒன்று மட்டும் நின்றது. டிபரன்ஷியல் ஈக்வேஷனும் லீனியர் அல்ஜீப்ராவும் சேர்ந்த தாள். திரும்பத் திரும்ப எழுதினேன், தோற்றேன். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. 'இருதயசாமி மகன் அமலன் படிப்பை விட்டுட்டான்' என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அப்பா இருதயசாமி அந்தச் சமயத்தில்தான் இறந்தார். அதனால் விட்டேன் என்று அம்மா இன்னும் நம்புகிறாள். இல்லை. கணக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பழைய பாடத்திட்டத்தில் நின்றுபோனவர்களுக்கு நவம்பரில் கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. அதற்குப் பிறகு அந்தத் தாளே கிடையாது. ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அதை ராஜவேலிடம் காட்டினேன். என்னோடு பேனலில் உட்காருகிறவன், மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். கல்யாணமானதும் முதுநகரில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் மாடி வீடு பிடித்து வந்திருந்தான்.

"எழுதிடு மாமா" என்றான்.

"யாரு சொல்லிக் குடுப்பா?"

"எம் பொண்டாட்டி எதுக்கு எம்.எஸ்ஸி. மேத்ஸ் படிச்சிருக்கா? பால்காரன் கணக்கு பாக்கவா?"

ஸ்ரீமதி சேத்தியாத்தோப்புப் பெண். இங்கே ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறாள். என்னைவிடச் சின்னவள். என்னை அண்ணே என்று கூப்பிடுவாள், ஆனால் அந்த மரியாதை நோட்டைப் பார்க்கும்வரைதான். அவள் பள்ளிக்குக் கிளம்ப முக்கால் மணி நேரம் இருக்கும்போது நானும் ராஜவேலும் போய்ச் சேருவோம். ராஜவேல் குளித்துவிட்டு ஹாலில் பாயை விரித்துப் படுத்துவிடுவான். நான் அடுக்களை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். அவள் ஒரு கையால் தோசை ஊற்றிக்கொண்டு கணக்குச் சொல்லுவாள்.

முதல் வாரத்திலேயே ஒரு சமன்பாடு கொடுத்தாள். கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்து, மாறாமல் நிற்கும் மதிப்பு என்ன என்று கண்டுபிடித்துவிட்டேன். மைனஸ் இரண்டு. எழுதிக் கட்டம் போட்டு நீட்டினேன்.

"மீதி எங்கண்ணே?"

"மீதி எது?"

"இதுக்கு முன்னாடி ரெண்டு டெர்ம் வரணும். எங்க அது?"

"அதெல்லாம் ஆரம்பத்துல ஆடுறதும்மா. கொஞ்ச நேரத்துல அடங்கிடும். கடைசில நிக்கிறது தான விடை?"

"யாரு சொன்னது அப்படி?"

"எங்க பிளான்ட்ல அப்படித்தான்."

பொய் இல்லை. ரியாக்டரைக் கிளப்பியதும் வெப்பம் மேலும் கீழும் ஆடும். ஆடும்போது ரீடிங் எழுதக் கூடாது. திரையில் எண் ஓரிடத்தில் நின்ற பிறகுதான் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சொல்லிக்கொடுப்பது இதுதான். கை அதற்கே பழகிவிட்டது.

பாயிலிருந்து குரல் வந்தது. "மாமா சொல்றது கரெக்ட்டு. ஆடறப்ப எழுதுனா இன்சார்ஜ் கிழிச்சிருவான்."

"நீங்க தூங்குங்க. உங்கள யாரும் கேக்கல" என்றாள். என் பக்கம் திரும்பி, "ரூட்டு என்னென்ன வந்துச்சு?" என்றாள்.

"ப்ளஸ் ரெண்டு, மைனஸ் ஒண்ணு."

"மைனஸ் ஒண்ணு அடங்கிரும், ஒத்துக்கறேன். ரெண்டு?"

நான் குனிந்து நோட்டைப் பார்த்தேன்.

"நேரம் ஆக ஆக ஏறிட்டே போகும். நிக்கவே நிக்காது. உங்க ரியாக்டர்ல சூடு இப்படி ஏறிட்டே போனா என்னா பண்ணுவீங்க?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு அதுக்கு எதிர்ப்பக்கமா ஓடுவோம்" என்றான் ராஜவேல், போர்வைக்குள்ளிருந்து.

"ஓட வேண்டிய எடத்துல கட்டம் போட்டு உக்காந்துட்டு இருக்காரு உங்க மாமா."

தோசை கருகியது. அதை எனக்கே வைத்தாள்.

புரிந்தது. ஆனால் புரிவது வேறு, கை கேட்பது வேறு. அக்டோபர் முழுக்க அதே தப்பைச் செய்துகொண்டிருந்தேன். மேட்ரிக்ஸ் வந்தால், அதில் ரூட்டுக்குப் பதிலாக வரும் ஐகன் மதிப்புகளை ஒழுங்காகக் கண்டுபிடிப்பேன், வெக்டரும் வரும். கடைசியில் நிலையாக நிற்கும் மதிப்பை மட்டும் எழுதி மூடிவிடுவேன். அவள் சிவப்புப் பேனாவால் அடிக்க மாட்டாள். 'மீதி?' என்று மட்டும் கேட்பாள். அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள், "வுட்டுடும்மா, எனக்கு வராது" என்று எழுந்துவிட்டேன்.

"சரி, போங்க. காலம் பூரா நைட்டே பாருங்க" என்றாள். மறுநாள் போனேன். ஸ்டூல் அதே இடத்தில் கிடந்தது. அவள் முந்தின நாளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி நான் தாமதமாகப் போனேன். எங்களுக்கு அன்று கல்லறைத் திருநாள். ஷிப்ட் முடிந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அம்மா வெள்ளையடித்து வைத்திருந்த அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன்.

"கையில என்னண்ணே, மெழுகா?"

சொன்னேன். அவளுக்கு இதெல்லாம் தெரியாது, அதனால் கேட்டாள். கல்லறைக்குப் போவதோடு முடியாது, செத்தவர்கள் பேரையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கோயிலில் கொடுப்போம், பூசையில் வேண்டிக்கொள்வார்கள் என்றேன். எங்கள் அம்மா ஆரோக்கிய ராணி, யாரென்றே எனக்குத் தெரியாத முப்பாட்டன்மார்வரை எழுதுவாள்.

"அதான் செத்துட்டாங்களே. இப்ப எதுக்குப் பேரு?" என்றாள் ஸ்ரீமதி. கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இருந்தாங்கல்ல? இப்ப இல்லன்றதுக்காகப் பேர வுட்டுற முடியுமா? ஒரு பேரு வுட்டுப்போனாலும் எங்கம்மா சும்மா இருக்காது."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத தானண்ணே ஒரு மாசமா நான் கத்திட்டு இருக்கேன்!"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. பகல் வெளிச்சத்தில் நான் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. பாயில் படுத்திருந்தவன் தலையைத் தூக்கிப் பார்த்து, "மாமாவுக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டான்.

"அடங்கிப்போறதுக்கும் பேரு எழுதணும். அடங்காதது இருந்தா அதுக்கு மொதல்ல எழுதணும். எழுதிட்டு அப்புறம் கட்டம் போடுங்க, எவ்ளோ பெருசா வேணாலும் போடுங்க" என்றாள்.

தேர்வுக்கு முந்தின இரவு எனக்கு நைட் விழுந்திருந்தது. லீவு கிடைக்கவில்லை. ராஜவேலுக்கு அன்று வார ஓய்வு. அவன் மேல்பட்டாம்பாக்கத்தில் தங்கச்சி மகளின் காதுகுத்துக்குப் போக வேண்டியவன். போகவில்லை. என் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருப்பான்.

காலையில் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டி வயல் முழுக்கத் தண்ணீர். மழை விட்டுவிட்டுப் பெய்தது. தேர்வு அறைக்குள் நுழைந்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்" என்றாள். கூடவே நாலைந்து பேர் எழுந்தார்கள். நான் போய் என் எண் எழுதியிருந்த இடத்தில் உட்கார்ந்தேன். பின்னால் ஒருவன், "டேய், ஒக்காருங்கடா, அவரும் நம்ம கட்சிதான்" என்றான்.

வினாத்தாள் கடினம்தான். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதும் வயதில்லை, அதனால் சிலதை விட்டுவிட்டேன். பெரிய கேள்விகளில் ஒன்று எனக்கென்றே வைத்தது போல இருந்தது. ஒன்றை ஒன்று இழுக்கும் இரண்டு சமன்பாடுகள், பொதுத் தீர்வு காண்க. பார்த்ததும் நிலையான மதிப்பு தெரிந்துவிட்டது: ஒன்று, ஒன்று. அழகான விடை. ஐகன் மதிப்புகளைக் கண்டுபிடித்தேன், வெக்டர்களை எழுதினேன், கடைசியில் ஒன்று, ஒன்று என்று எழுதிக் கட்டம் போட்டேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

எல்லாம் முடித்துத் தாள்களைக் கட்ட நூல் வாங்கினேன். கண்காணிப்பாளர் நேரமாகிறது என்றார். நூலைக் கோக்கும்போது நகத்தில் ஒரு வெள்ளைப் பொட்டைப் பார்த்தேன். சாக்பீஸ் தூளோ சுண்ணாம்போ, மெழுகு நிச்சயமாக இல்லை. ஆனாலும் 'மீதி?' என்று யாரோ கேட்டது போல இருந்தது.

நூலை உருவிவிட்டு அந்தப் பக்கத்துக்குப் போனேன். ஐகன் மதிப்புகளாக வந்திருந்தவை மூன்றும் மைனஸ் இரண்டும். மைனஸ் இரண்டு அடங்கிவிடும். மூன்று அடங்காது. ஓட வேண்டிய இடத்தில் நான் மறுபடி கட்டம் போட்டு உட்கார்ந்திருந்தேன். கட்டத்தை அடித்தேன். ஏறிப்போவதை முதலில் எழுதினேன், அடங்கிப்போவதை அடுத்து எழுதினேன், நிற்பதைக் கடைசியில் எழுதினேன். எழுதி முடித்த கையோடு கண்காணிப்பாளர் தாளை வாங்கிக்கொண்டார்.

முடிவு வந்தபோது தை பிறந்திருந்தது. ஷிப்ட் முடிந்து மாடியேறிப் போனேன். ஸ்ரீமதி தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோண்ணே?"

"அம்பத்தி மூணு."

"பாஸ் மார்க் அம்பது தான?" என்றாள். சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு சடையை முடித்தாள். பிறகு சொன்னாள்: "எம் மானத்த வாங்கிட்டீங்க. எங்க ஸ்கூல்ல கேட்டா எம் மாணவன்னு வெளிய சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். அந்த ஒரு கேள்வியை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஜெனரல் ஷிப்ட் கிடைத்தது. முதல் வாரம் இரவில் படுத்தால் விழித்துக்கொண்டே கிடந்தேன். அப்புறம் உடம்பு பழகியது. இப்போது படுத்ததும் தூங்குகிறேன். காலையில் டீக்கடைக்காரரிடம்கூட இரண்டு வார்த்தை பேசுகிறேன். அம்மா இதை மாதாவின் புதுமை என்கிறாள். மாதா தோசை ஊற்றியதை நான் பார்த்தவன், மறுக்கவில்லை.

வாயால் நன்றி சொல்ல எனக்கு வராது. ராஜவேலிடம் சொன்னால் அடிப்பான். அதனால் பல வருடமாகப் போகாத கோயிலுக்குப் போய், பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்று 'கருத்து' எழுதிக்கொள்ளும் உபதேசியார் அந்தோணிசாமி முன்னால் நின்றேன்.

"நன்றியா, ஆன்மாவுக்கா?"

"நன்றி."

"யார் பேருக்கு?"

"ராஜவேல், ஸ்ரீமதி."

பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "எந்த அன்பியம்பா? நம்ம பங்குல இந்தப் பேர்ல யாரும் இல்லியே." பங்கில் தெருவாரியாகப் பிரித்த குடும்பக் குழுவைத்தான் அன்பியம் என்பார்கள்.

"எந்த அன்பியமும் இல்ல. மேல்பட்டாம்பாக்கம்."

"சரி. எதுக்கு நன்றி? வேல கெடச்சுதா, கொழந்த பொறந்துதா?"

"டிபரன்ஷியல் ஈக்வேஷனுக்கு."

கொஞ்சம் யோசித்தார். "தேர்வு வெற்றின்னு போட்டுக்கறேன்" என்றார்.

அந்த ஞாயிறு இருவரையும் அழைத்துப் போனேன். எதற்கென்று சொல்லவில்லை. ராஜவேல் நைட் முடித்து நேராக வந்திருந்தான், உட்கார்ந்ததும் என் தோளில் சாய்ந்துவிட்டான். சாமியார் கருத்துகளை வாசித்துக்கொண்டே வந்து, "ராஜவேல், ஸ்ரீமதி தம்பதியருக்கு நன்றியாக, அமலன்" என்றார். ஸ்ரீமதி விறைத்து நிமிர்ந்தாள். என்னைத் தாண்டிக் கை நீட்டிப் புருஷனைக் கிள்ளினாள்.

அவன் அலறியடித்துக்கொண்டு கண் விழித்தான். "என்னா மாமா, சூடு ஏறிடுச்சா?"

"இல்ல மச்சான். நின்னுடுச்சு" என்றேன். "தூங்கு."