ஸ்டோரில் காய்ந்த மருந்து

அந்த மருந்து டப்பா இரண்டு மழைக்காலம் ஏலக்காய் ஸ்டோரில் இருந்தது என்று பொன்னுமணிக்குத் தெரிய வந்தபோது, அவள் கையால் போட்ட தோட்டாக்கள் ஐந்தும் குரங்கணி தாண்டி மலை ஏறியிருந்தன.

சொன்னவள் மைதீன் பீவி. எஸ்டேட் முதலாளி கமருதீன் ராவுத்தரின் மனைவி. போடியில் இரண்டு தெரு தள்ளி வீடு. யானையைச் சுடப் போகிறவனுக்கு என்று பொட்டலம் கட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள்.

"உங்கண்ணன் கெளம்பிட்டானா தாயி? நேத்து டப்பா வந்து சேந்துச்சுல்ல? அதுல மட்டும் பொட்டு ஈரம் இருக்காது. ஸ்டோர்லயே வச்சிருந்தோம், குழாய்க்கு மேல."

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த பொன்னுமணியின் கை நின்றது. டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். மூக்கை அறுக்கும் பழைய நெடி இல்லை. ஏலக்காய் மணத்தது.

மலையில் ஈரம் அண்டாத இடம் ஸ்டோர் ஒன்றுதான். பச்சைக் காயைத் தட்டில் பரப்பி, அடியில் ஓடும் தகரக் குழாய்க்குள் விறகுச் சூட்டை விட்டு, ராப்பகலாய் உலர்த்துகிற கட்டடம். நிலப் பத்திரம், பட்டுச் சேலை, தீப்பெட்டி, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட், எது கெடக் கூடாதோ எல்லாம் அங்கேதான் போகும். துப்பாக்கி மருந்தும் போயிருக்கிறது.

அவள் அண்ணன் வெள்ளைத்துரைக்குத் துப்பாக்கி ரிப்பேர் லைசென்ஸ் இருந்தது. ராவுத்தருக்காக அவன் செய்து கொடுத்த பெரிய ரைபிளைப் பற்றித்தான் அந்த எழுபத்தாறாம் வருடம் போடி முழுக்கப் பேச்சு. தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் யுத்த காலத்துப் பழைய போல்ட்டு, தடித்த புதுக் குழல், தோதகத்தி மரத்தில் அவனே செதுக்கிய தோள்கட்டை. இரண்டு வருட வேலை. லைசென்ஸ் ராவுத்தர் பேரில். சுடுகிறவனாக வெள்ளைத்துரையின் பெயரும் அதில் சேர்ந்திருந்தது. எஸ்டேட்டில் இரண்டு பேரை மிதித்துக் கொன்ற ஒற்றை யானையைச் சுட வனத்துறை கொடுத்த உத்தரவு நாளையோடு முடிகிறது.

காலிக் கூட்டில் மருந்து அடைத்துத் தோட்டா போடுவது பொன்னுமணி. கெமிஸ்ட்ரி படித்து முடித்து வீட்டில் இருந்தாள். வாசலில் ஆள் வந்தால் உள்ளே போய்விடுகிற பெண். ஆனால் அண்ணன் கரண்டியால் மருந்து அள்ளுவதைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு வருடம் அவனோடு மல்லுக்கட்டி, நகைத் தராசு வாங்க வைத்தாள். தராசு பொய் சொல்லாது என்று அவள் சொன்னதை அவன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். சிரித்தாலும் கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டான்.

நேற்று அதே எடைதான் போட்டாள். பித்தளைக் கூட்டுக்குள் மருந்து வழக்கத்தைவிட ஒரு நூல் உயரமாக நின்றது. பார்த்தாள். கூடுதான் கொஞ்சம் வேறு மாதிரி என்று நினைத்துக்கொண்டு குண்டை வைத்து மூடிவிட்டாள். ஐந்து கூட்டிலும் அப்படியே நின்றது. ஐந்தும் எப்படி வேறு மாதிரி ஆகும் என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்சுக்கு ஓடினாள்.

குரங்கணியில் இறங்கி, எஸ்டேட்டுக்கு உரமூட்டை ஏற்றிய ஜீப்பைக் கை காட்டி நிறுத்தினாள். தனியாக ஜீப்பில் ஏறுவது அதுதான் முதல் தடவை. டிரைவர் மேலும் கீழும் பார்த்தான்.

"யாரு வீட்டுப் பிள்ள? எங்க போற?"

"வெரசாப் போங்க" என்றாள்.

எஸ்டேட் களத்தில் கூட்டமாக இருந்தது. வெள்ளைத்துரை தோட்டா பெல்ட்டைத் தோளில் போட்டு, ரைபிளின் போல்ட்டைத் திறந்து எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தான். ராவுத்தர் பக்கத்தில் நின்றார். தங்கையைப் பார்த்ததும் வெள்ளைத்துரையின் முகம் மாறியது.

"வீட்ல என்ன ஆச்சு?"

"வீட்ல ஒண்ணுமில்ல. அந்தத் தோட்டாவக் குடுண்ணே. சுடக் கூடாது."

"என்ன பேசுற? ஆன கீழ் ஓடையில நிக்குது. இப்பத்தான் ஆள் வந்து சொல்லிட்டுப் போறான்."

"மருந்து ஸ்டோர்ல இருந்திருக்கு. அதுல இருந்த நெடியடிக்கிற ஈரமெல்லாம் ஆவியாப் போயி எடை கொறஞ்சிருச்சு. நான் பழைய எடையே போட்டேன். அப்ப மருந்து கூடிப்போச்சு. சூட்டுல கெடந்தது வேற, எப்படித் தீப் பிடிக்கும்னு சொல்ல முடியாது. போல்ட்டு மூஞ்சிக்குத் தெறிக்கும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். வெள்ளைத்துரைக்கு அது உறைத்தது.

"தராசு பொய் சொல்லாதுன்னு நீதான சொன்ன? ஒரு வருசம் என் உயிர வாங்குனியே."

"தராசு சரியாத்தான் சொல்லுச்சு. நாந்தான் தப்பு."

"தப்புன்னா நேத்துல்ல சொல்லணும். நாளைக்கு உத்தரவு முடியுது தெரியும்ல."

அவள் ராவுத்தரைப் பார்த்துத் திரும்பினாள். அவரிடம் அதுவரை நேராகப் பேசியதே இல்லை.

"மாமா, பச்சைக் காய் ஒரு கிலோ எண்ணுங்க. உலந்த காய் ஒரு கிலோ எண்ணுங்க. ரெண்டும் ஒரே எண்ணிக்கை வருமா?"

ராவுத்தர் நாற்பது வருடம் ஏலக்காய் விற்றவர். வெள்ளைத்துரையைப் பார்த்துச் சொன்னார்: "மாப்ளே, பிள்ள சொல்றது ரோசிக்க வேண்டியதுதான்."

"நீங்களுமா மாமா?"

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கருத்தம்மாள் முன்னால் வந்தாள். காய் எடுக்கிறவள். யானை கொன்ற இரண்டு பேரில் ஒருவன் அவள் புருசன்.

"எண்ணிக்கையெல்லாம் அப்புறம் எண்ணலாம் ஆத்தா. இருபத்தோரு நாளா எம் பிள்ளைகள அடுப்படியில ஒளிச்சு வச்சுப் படுக்குறேன். இன்னைக்குத்தான் ஆன வாகா நிக்குது. நீ யாரு வந்து மறிக்கிறதுக்கு?"

பொன்னுமணியின் பார்வை அண்ணன் தோளில் கிடந்த பெல்ட்டுக்குப் போனது.

"இந்தா பாருங்க" என்றான் வெள்ளைத்துரை. "அந்தா பாறையில ஒண்ணு சுட்டுக் காட்றேன். இவ வாயி அடங்கட்டும்." பெல்ட்டிலிருந்து ஒரு தோட்டாவை உருவினான். ரைபிளைத் தூக்கினான்.

பொன்னுமணி இரண்டு எட்டில் அவன் அருகில் போய், திறந்திருந்த போல்ட்டுக்கு முன்னால், தோட்டா போகிற அறைக்குள் நான்கு விரல்களை விட்டாள்.

"கைய எடு."

"மாட்டேன்."

"ஏ பொன்னு, ஊரு பாக்குது."

"பாக்கட்டும். மூடுறதுன்னா வெரலோட மூடு."

அவன் போல்ட்டைத் தள்ளினான், மிரட்டுகிற அளவுக்கு. இரும்பு அவள் நகத்தில் பட்டு நின்றது. அவள் கையை வெளியே எடுக்கவில்லை.

"உனக்கு என்னதான் வேணும்?"

"மரத்துல கட்டு. கயித்த இழுத்துச் சுடு."

"ரெண்டு வருச வேலை இது. வெடிச்சா?"

"வெடிக்காதுன்னுதான சொன்ன?"

அவன் பல்லைக் கடித்தான். ராவுத்தர் ஆளைக் கூப்பிட்டு, மூட்டை கட்டும் கயிறு கொண்டா என்றார்.

களத்தின் ஓரத்தில் விழுந்து கிடந்த பலா மரத்தின் கவட்டையில் ரைபிளைக் கிடத்தி, கட்டையை மரத்தோடு ஒட்டி, மூன்று சுற்றுக் கயிறு போட்டுக் கட்டினான் வெள்ளைத்துரை. சுடுகிறவன் கன்னம் இருக்கிற இடத்தில் மரப்பட்டை இருந்தது. எல்லோரையும் மதிலுக்குப் பின்னால் போகச் சொன்னான். தோட்டாவை வைத்து போல்ட்டை மூடினான். விசையில் கட்டிய நீளக் கயிற்றின் நுனியோடு மதிலுக்குப் பின்னால் வந்து தங்கையைப் பார்த்தான்.

"குடு, நான் இழுக்குறேன்" என்றாள்.

"ஏன்?"

"போட்டது நான்."

கயிற்றை வாங்கி இழுத்தாள்.

அந்தச் சத்தம் வழக்கமான சத்தமாக இல்லை. கூரைத் தகரங்கள் அதிர்ந்தன. கீழே ஓடைப் பக்கம் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது. யானை மிரண்டு எதிர்ச்சரிவில் ஏறுகிறது என்று ஒருவன் கத்தினான். யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. எல்லோரும் மரத்தைப் பார்த்தார்கள்.

வெள்ளைத்துரை முதலில் போனான். தோதகத்திக் கட்டை கைப்பிடியிலிருந்து நீளத்துக்குப் பிளந்திருந்தது. போல்ட்டைத் தூக்கப் பார்த்தான். அசையவில்லை. மரச் சுத்தியல் வாங்கித் தட்டினான். அப்போதும் அசையவில்லை. போல்ட்டின் இடுக்கில் உருகிய பித்தளை ஒட்டியிருந்தது. அதற்குப் பின்னால், கன்னம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், பலாப் பட்டை உள்ளங்கை அகலத்துக்குக் கருகி, பித்தளைத் துணுக்குகள் உள்ளே குத்தி நின்றன. அவன் அந்த இடத்தை விரலால் தொட்டான். குனிந்து ஒரு துணுக்கைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான்.

"யா அல்லா" என்றார் ராவுத்தர். "நாந்தான் அத அங்க வைக்கச் சொன்னேன்."

வெள்ளைத்துரை நிமிர்ந்தபோது அவன் குரல் கரகரத்தது. "இனி போடியில என்ன பேசுவாங்க தெரியுமா? வெள்ளைத்துரை செஞ்ச துப்பாக்கி வெடிச்சுருச்சுன்னுதான் பேசுவாங்க."

"நான் போட்ட தோட்டான்னு சொல்லு. நீ சொல்ல வேணாம், கடை வாசல்ல நின்னு நானே சொல்றேன்."

"நீயா? வாசலுக்கே வர மாட்ட."

"வருவேன்."

கருத்தம்மாள் மரத்தைப் பார்க்கவே இல்லை. எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப ஆன? அதுக்கு யாரு பதில் சொல்லுவா?"

ராவுத்தர் தலையைக் குனிந்துகொண்டார். வெள்ளைத்துரை கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். பொன்னுமணி அவளிடம் போனாள்.

"இன்னொரு உத்தரவு வாங்கணும். புது மருந்து வரணும். துப்பாக்கியச் சரி பண்ணணும். ஒரு மாசம் ஆகும்க்கா."

"ஒரு மாசம்" என்றாள் கருத்தம்மாள். "ஒரு மாசத்துல அது இன்னொருத்தர மிதிச்சா?"

"மிதிச்சா என்னை வையி. எங்கண்ணன் மூஞ்சி போறதுக்கு நான் சம்மதிக்க முடியாது."

"எம் புருசன் போனதுக்கு யாருகிட்டச் சம்மதம் கேட்டாங்க?"

பொன்னுமணி தலையைக் குனியவில்லை. "யாரும் கேக்கல. உன் கோவம் நியாயந்தான். ஆனா சுட்டுப் பாக்காம இனி ஒரு தோட்டா இந்த மலை ஏறாது. நானே கொண்டாந்து, உன் கண்ணு முன்னால சுட்டுக் காமிச்சிட்டுத்தான் எங்கண்ணன் கையில குடுப்பேன்."

கருத்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கூலியாட்களின் லைன் வீடுகளைப் பார்த்து நடந்தாள். பாதி தூரம் போய்த் திரும்பி, "ஒரு மாசம். நான் எண்ணிக்கிட்டே இருப்பேன்" என்றாள்.

பொன்னுமணி அண்ணனிடம் வந்து கையை நீட்டினாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், பெல்ட்டிலிருந்த நான்கு தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக உருவி அவள் உள்ளங்கையில் வைத்தான்.