தேநீர் துப்பறிவாளரும் வால்வெள்ளி வீரனும்

தாஹிர் சோறு தின்னும்போதுகூட ஓரிடத்தில் இராத மனிதன். அவனுக்குத்தானா துறைமுகத்தில் அரிசி மூட்டை அடுக்குச் சரிந்து தொடை எலும்பு முறிய வேண்டும்! முறிவு வைத்தியர் மூங்கில் தட்டை வைத்துக் கட்டினார். "நாப்பது நாள் எழும்பப்படாது. எழும்பினா கால் கோணிப்போகும். பிறகு மூட்டை தூக்கிற வேலையை மறந்திர வேண்டியதுதான்" என்றார். கேட்டுக்கொண்டு நின்ற மனைவி பரீதா நாட்களை விரலில் எண்ணிவைத்துக்கொண்டாள். மறுநாளே புருஷன் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழும்பப் பார்த்தான்.

காரணம், அன்று வியாழக்கிழமை. ஊருக்குத் தொலைக்காட்சி வந்த புதிது. பாலையூற்றில் அவர்களுடைய ஒழுங்கையில் ஞானசேகரம் மாஸ்டர் வீட்டில் மட்டும்தான் பெட்டி இருந்தது. வியாழன்தோறும் ஆங்கிலத் துப்பறியும் தொடர் ஒன்று போகும். அதில் வரும் துப்பறிவாளர் ஓடமாட்டார், அடிக்கமாட்டார். தேநீர் குடித்தபடியே கொலைகாரனைப் பிடித்துவிடுவார். ஓரிடத்தில் இராத தாஹிருக்கு, கதிரையை விட்டு எழும்பாத அந்த மனிதரில் அப்படியொரு பைத்தியம்.

"நான் பாத்துவந்து சொல்லுறன். நீங்க படுங்க" என்று பரீதா வாக்குக் கொடுத்தாள்.

மாஸ்டர் வீட்டுக்குப் போன பிறகுதான் சங்கடம் புரிந்தது. அங்கே ஆண்கள் முன்னறையில் பெட்டிக்கு நேரே இருப்பார்கள். பெண்களுக்குப் பின்னால் அடுப்படி வாசலில் பாய். மாஸ்டர் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்வது ஆண்களின் காதோடு நின்றுவிடும். பரீதாவுக்குக் கிடைத்தது பாதிப் படமும் யாரோ ஒருவனுடைய பிடரியும்தான். ஒரு மண்ணும் விளங்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினால் அந்த மனிதன் அடுத்த வாரம் தானே எழும்பிவிடுவானே!

ஆனால் அவளிடமும் ஒரு சரக்கு இருந்தது. மூன்று பிள்ளை பெற்ற பிறகும் அலுமாரியில் சேலைக்கு அடியில் சித்திரக்கதைப் புத்தகங்களை ஒளித்துவைத்துப் படிப்பவள் அவள். பச்சை மேலங்கியோடு பறக்கும் வால்வெள்ளி வீரன் என்றால் உயிர். வீட்டுக்கு வந்து சொன்ன கதையில், துப்பறிவாளரின் கூரையைப் பிய்த்துக்கொண்டு அவனை இறக்கிவிட்டாள்.

"துப்பறியிறவர் நல்லா ஏசிப்போட்டார். 'கதவு இருக்குத்தானே, தட்டிப்போட்டு வாரும்' எண்டு. பிறகு பாவம் பாத்துத் தேத்தண்ணி குடுத்தார்."

தாஹிர் கட்டில் குலுங்கச் சிரித்தான். கால் வலித்தது, வலியோடும் சிரித்தான். அடுத்த வாரம் வீரனின் மேலங்கி மழையில் நனைந்துபோயிற்று. அது கொடியில் காயும்வரை பறக்க முடியாமல், இருவரும் கொலைகாரனை பஸ்ஸில் துரத்தினார்கள். பஸ்ஸில் வீரனுக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. இப்படியே தாஹிர் வியாழனை எண்ணி எண்ணி அசையாமல் கிடந்தான். பொய் சொல்கிறோமே என்று பரீதாவுக்கு நெஞ்சு குறுகுறுக்கும். அவன் சிரிப்பதைக் கேட்டால் அடங்கிவிடும்.

முப்பதாம் நாள், வியாழன் காலை, அவனோடு மூட்டை தூக்குபவனும் மாஸ்டர் வீட்டில் படம் பார்ப்பவனுமான முத்தலிப் நோய் பார்க்க வந்தான். தாஹிருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"போன கிழமை பாத்தனியாடா? கப்பல் தாழப்போகுது, அந்தப் பறக்கிறவன் ஒத்தக் கையால தூக்கிக்கொண்டு நிக்கிறான்! பிறகு என்ன நடக்கப்போகுது எண்டு நெஞ்சு பதறுது."

முத்தலிப் விழித்தான். "தாஹிர் நானா, எந்தப் பறக்கிறவன்? கப்பலே வரல்லியே. ஒரு கிழவி பூனையைத் தேடித் திரிஞ்சா, அவ்வளவுதான்."

தாஹிர் மனைவியைப் பார்த்தான். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"இவ்வளவு நாளும் என்னைப் பேய்க்காட்டினியா, பரீதா?"

அவன் கை கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்தது. முதுகு மெத்தையை விட்டுக் கிளம்பியது.

"ஓம், எல்லாம் பொய்தான்!" என்று கத்தினாள் அவள். "அந்த இங்கிலீசு எனக்கு என்ன விளங்கும்? நீங்க எழும்பிரக்கூடாது எண்டுதான் சொன்னனான். இன்னும் பத்து நாள்தான் கிடக்கு. ஏசுறதெண்டா படுத்துக்கொண்டு ஏசுங்க!" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

முத்தலிப்புக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியவில்லை. "மச்சி, அப்ப அந்தக் கப்பலக் கீழ வெச்சானா, இல்லயா?" என்று பரீதாவிடம் மெல்லக் கேட்டான்.

"இன்னும் இல்ல" என்றாள் பரீதா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வெச்சா கதை முடிஞ்சிருமே."

தாஹிர் கையைச் சட்டத்திலிருந்து எடுத்தான். தலையைத் தலையணையில் சாய்த்தான்.

"ஒரு கிழமையாத் தனிய நிண்டு தூக்கிறான், பாவம்" என்றான். "அந்தத் தேத்தண்ணிக்காரரையும் எழும்பி ஒரு கை குடுக்கச் சொல்லு, பரீதா."