விருந்தாளியின் செருப்பு

எந்த வருடம் என்பது குசானோ டீச்சருக்குச் சரியாக நினைவில்லை. சிவப்பு மை மட்டும் மறக்கவில்லை.

படக்கதையின் எழுத்துகளை மறைத்துவிட்டு, படத்தைப் பார்த்து இஷ்டம்போல் எழுதும்படி வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். படத்தில் கரடியும் முயலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

‘மூணாவது ஆளு இன்னும் வரல, சூப் ஆறுது’ என்று எழுதியிருந்தாள் சிஹாரு. ‘படத்தில் இருவர்தான்’ என்று சிவப்பு மையில் திருத்தினார் டீச்சர்.

மறுநாள்தான் படத்தின் மூலையைக் கவனித்தார். வாசலில், வருபவர் மாட்டிக்கொள்ள வாகாக, நுனி உள்பக்கம் பார்க்க, விருந்தாளி வீட்டுக்குள் போட்டு நடப்பதற்கான ஒரு ஜோடி செருப்பு காத்திருந்தது.

“நான்தான் சரியாப் பாக்கலம்மா. மறுபடி எழுதுறியா?”

“வேணாம் டீச்சர். அந்த சூப்பையும் கரடியே குடிச்சிருச்சு.”

அதன்பின் சிஹாரு கண்ணில் பட்டதை மட்டுமே எழுதினாள். இப்போது நாகானோவில் நில வரைபடங்களைச் சரிபார்க்கிறாள். டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் படக்கதைப் புத்தகம் பள்ளி நூலகத்திலேயே இருக்கிறது.