கணக்கில் வராத நெய்

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். இந்த ஊரில் அத்தனை பேரும் ரெண்டு இட்லிதான் சாப்பிட்டிருப்பார்கள். மூன்றாவது இட்லியை ஒப்புக்கொண்ட மனிதரை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை. என் பெயர் லிசி. திருச்சியில் ஒரு கல்லூரியின் உணவு ஆராய்ச்சிக் கூடத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை. வாய் எதைச் சொன்னாலும் ஊசியில் வருவது உண்மையைச் சொல்லிவிடும் என்பதால் மனிதர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு.

எங்கள் மேடம் டாக்டர் கமர் ஜஹானுக்கு அது கிடையாது. பாலக்கரைக்காரர். சாப்பாட்டுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்ன உறவு என்று வேலையில் சேர்ந்த நாளிலிருந்து துருவிக்கொண்டிருப்பவர். முட்டையின் மஞ்சள் கருவை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். அதன் பலன், சொந்தக்காரர் கல்யாணத்தில் அவர் உட்கார்ந்த வரிசையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். பரிமாறுகிறவர்கூட அவர் தட்டில் வெங்காயப் பச்சடியை மட்டும் வைத்துவிட்டு மரியாதையாக நகர்ந்துவிடுவார். மேடத்துக்குப் பிரியாணி என்றால் உயிர். பாவம், சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் பச்சடியைக் கிளறிக்கொண்டிருப்பார்.

அவருடைய வாழ்நாள் ஆசை ஒரு மூன்று வருஷத் திட்டம். லால்குடியில் சில குடும்பங்கள், ஸ்ரீரங்கத்தில் சில குடும்பங்கள். வீட்டில் நெய்யையும் பாமாயிலையும் அடியோடு நிறுத்திவிட்டு, நாங்கள் கொடுக்கும் நல்லெண்ணெயை அளந்து சமைக்க வேண்டும். வாரா வாரம் மேடம் நேரில் போய், முந்தின நாள் எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுவார். அவ்வப்போது நான் ஊசியோடு போவேன்.

முதல் வருஷம் முடிந்தது. லால்குடிக்காரர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் அழகாக இறங்கியது. ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு ஏறியது. இறங்காமல் அப்படியே நின்றிருந்தாலாவது ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம்.

நிதி கொடுக்கும் குழுவின் தலைவர் பேராசிரியர் பீமராவ் சென்னையிலிருந்து போன் செய்தார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க ஸ்ரீரங்கத்து ஆளுங்க பொய் சொல்றாங்கம்மா. பொய் சொல்றவங்களை வச்சு ஆராய்ச்சி பண்ண முடியாது. அடுத்த வாரம் வரேன். இதோட முடிச்சுக்கலாம்."

முடித்தால் திட்டத்தோடு எங்கள் கூடத்துக்கும் பூட்டு. அந்த இடத்தை பேஷன் டெக்னாலஜிக்குக் கொடுக்க நிர்வாகம் எப்போதோ தயார். ஓய்வு நெருங்கும் வயதில் மேடத்தை நம்பி இன்னொரு திட்டம் யாரும் தரப்போவதில்லை. அன்று மதியம் அவர் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

"அவங்க பொய் சொல்றவங்க இல்ல லிசி," என்றார்.

"எல்லாரும் பொய் சொல்றவங்கதான் மேடம்," என்றேன்.

மறுநாள் காலையில் உத்தர வீதியில் குமுதவல்லி மாமி வீட்டுக்குப் போனோம். மாமியின் கணவர் கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர். எங்கள் ஸ்ரீரங்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலும் அப்படித்தான். மடி என்று எங்களைச் சமையலறைக்குள் விடவில்லை. ஆனால் ஒவ்வொரு டப்பாவாகக் கூடத்துக்குக் கொண்டுவந்து மூடியைத் திறந்து காட்டினார்.

"பாத்துக்கோங்கோ. நெய்யை ஆத்துக்குள்ளயே சேக்கறதில்லை. நேத்து தளிகை ரசமும் கீரையும்தான். ஆத்துக்காரர் அந்த ரசம் சாதத்தைப் பார்த்துக் கண் கலங்கறார். நான் மனசைக் கல்லாக்கிண்டு பரிமாறறேன்."

நான் ஒவ்வொரு டப்பாவையும் மோந்து பார்த்தேன். நெய் வாசனைகூட இல்லை. எனக்கே கொஞ்சம் வெட்கமாகிவிட்டது.

மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்றவர்களைக் கேட்கிற கேள்விக்குத் தானும் பதில் சொல்ல வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் என்னைக் கேட்கச் சொல்வார். அந்த வெள்ளிக்கிழமையும் கேட்டேன். முந்தின நாளைக்கு டீ, ரெண்டு இட்லி (அவருமா என்று நினைத்துக்கொண்டேன்), மதியம் மீன் குழம்பு, ராத்திரி கோதுமை தோசை என்று ஒப்பித்தார்.

"அவ்வளவுதானா மேடம்?"

"அவ்வளவுதான்."

"நேத்து சாயங்காலம் நத்தர்ஷா தர்காவுல நெய்ச்சோறு சாப்பிட்டீங்களே. நானும்தானே கூட இருந்தேன். இன்னொரு கை வாங்கிச் சாப்பிட்டீங்க."

"அது தபர்ருக் லிசி. ஃபாத்திஹா ஓதிக் குடுத்தது. அதைப் போய் யாராவது சாப்பாட்டுல..."

பாதியில் நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். காவிரிப் பாலம் முழுக்க அவர் ஹாரனை விடவில்லை.

குமுதவல்லி மாமி வாசலில் கோலமாவு டப்பாவோடு நின்றார். மேடம் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் கேட்டார்.

"மாமி, நேத்து உங்களுக்குப் பெருமாள் என்ன குடுத்தார்?"

மாமியின் முகம் மலர்ந்துபோனது. "ஏன் கேக்கறேள். கார்த்தால ரொட்டியும் வெண்ணெயும். மத்தியானம் அக்காரவடிசல், கையில எடுத்தா நெய் முழங்கை வரைக்கும் வழியறது. சாயங்காலம் செல்வரப்பம், தேன்குழல்."

"தினமுமா?"

"முன்னெல்லாம் எப்பவாவதுதான். ஆத்துல நெய்யை நிறுத்தினப்புறம் மனுஷர் வாடிப் போயிட்டாரோன்னோ, பிரசாதமாவது கூட வாங்கிண்டு வாங்கோன்னு நான்தான் சொன்னேன்."

"இதை ஏன் மாமி ஒரு நாளும் சொல்லலை?"

மாமி மேடத்தை ஏற இறங்கப் பார்த்தார். "பெருமாள் அமுது செஞ்ச சேஷத்தை இட்லியோடயும் ரசத்தோடயுமா சேத்துச் சொல்லுவா? அபசாரம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அந்த ரொட்டியும் வெண்ணெயும் எங்க பெருமாளுக்கு யாரால வந்தது தெரியுமோ? டில்லியிலேர்ந்து அவரையே நினைச்சுண்டு வந்தாளே துலுக்க நாச்சியார், அவளால. உங்காத்துப் பொண்ணு பண்ணிவச்ச பழக்கம். என்னைக் கோச்சுக்காதீங்கோ."

மேடம் திகைத்துப் போய், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றே மற்ற வீடுகளுக்கும் போனோம். அதே கேள்வி, அதே மலர்ந்த முகம், அதே நெய்.

பீமராவ் வந்தார். தஞ்சாவூர் மராட்டியக் குடும்பம், பிறந்து வளர்ந்தது திருச்சி. விடியற்காலை ரயிலில் இறங்கியவர் நெற்றியில் கோபிச்சந்தனம் காயாமல் பதினோரு மணிக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் குழுவின் இன்னொரு உறுப்பினர், மதுரையிலிருந்து வந்த டாக்டர் அழகம்மாள். மேடம் நடந்ததைச் சொன்னார். இனிமேல் பிரசாதத்தையும் தனியாகக் கேட்டு எழுதினால் கணக்கு நேராகிவிடும், இன்னும் இரண்டு வருஷம் வேண்டும் என்றார்.

பீமராவ் தலையை ஆட்டினார். "நம்பும்படியா இல்லம்மா. சாப்பிட்ட நெய்யை மனுஷன் எப்படி மறப்பான்? மறைக்கிறாங்க. அதுக்கு நீங்க ஒரு காரணம் கண்டுபிடிச்சுக் குடுக்குறீங்க."

மேடத்தின் காது சிவந்தது. கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் மெதுவாகிவிடும். "சரிங்க சார். உங்களையே ஒரு தடவை கேக்கலாமா? காலையிலேர்ந்து என்ன சாப்பிட்டீங்க?"

"தாராளமா. பால் இல்லாத காபி. ரெண்டு இட்லி, தேங்காய் இல்லாத சட்னி. ஒரு துண்டு பப்பாளி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. எனக்கே கொலஸ்ட்ரால் இருக்கும்மா. நான் ரொம்பக் கண்டிப்பு."

"கோயிலுக்குப் போனீங்களா சார்?"

"போகாம? விஸ்வரூப தரிசனம், கண்ணுக்குள்ளயே நிக்குது."

"பெருமாள் என்ன குடுத்தார்?"

"அதை ஏன் கேக்குறீங்க," என்றார் பீமராவ், குழந்தை மாதிரி முகம் விரிய. "தெரிஞ்ச பட்டர் ஒருத்தர் கூப்பிட்டுக் குடுத்தார். ரொட்டி, அது மேல இவ்வளவு வெண்ணெய். அப்புறம் ஒரு தொன்னை நிறைய..."

நின்றுவிட்டார். தொன்னையின் அளவைக் காட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது. டாக்டர் அழகம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் பீமராவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"என் டாக்டர் மாத்திரையை மாத்தி மாத்திக் குடுத்தார்," என்றார் மெதுவாக. "குறையவே இல்லை. சென்னையிலயும் நான் தினம் கோயிலுக்குப் போறவன். போன மாசம், சார் நீங்க பொய் சொல்றீங்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். சண்டை போட்டுட்டு வந்துட்டேன். அம்பது வருஷமா பாடம் சொல்லிக் குடுக்கற மனுஷனைப் பார்த்து அப்படிச் சொல்லிட்டாரே, என்னால தாங்க முடியலம்மா."

இந்த இடத்தில் நானாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மேடம் கேட்கவில்லை.

"நீங்க பொய் சொல்லலைங்க சார்," என்றார்.

பீமராவ் திட்டக் கோப்பைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு வருஷம் போதுமா?"

"போதும் சார். நாளைக்குக் காலையில நீங்களும் ரத்தம் குடுத்துட்டுப் போங்க. லிசி எடுப்பா. வெறும் வயித்தோட வரணும். பிரசாதமும் கூடாது."

"அதைச் சொல்லணுமாம்மா?" என்றார் பீமராவ்.

எழுந்து கதவு வரை போனார். அங்கிருந்து திரும்பி, "சொன்னது நல்லதாப் போச்சு," என்றார்.