ஞாயிற்றுக்கிழமை ஷூவுக்குள் இருந்த சாவி

உபசாரம் செய்தே கெட்டவள் மென்னா. வேல்ஸ் மலைப்பக்கத்தில் வீடு தேடி வந்தவரை டீ கொடுக்காமல் அனுப்பினால் மானம் போய்விடும். துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்குமுன் சோதனைக்கு வந்த போலீஸ்காரர் கெத்தினுக்கும் டீ வந்தது, வெண்ணெய் தடவிய பழக் கேக் வந்தது. கணவர் இத்வல் மேட்டு வயலில் சரிந்துபோன கல்வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“துப்பாக்கி அலமாரியைப் பாக்கணும், அவ்வளவுதாம்மா. அவரு வரட்டும்.”

“அதுக்கெதுக்குத் தம்பி காத்துக் கெடக்கணும்? கேக்கைச் சாப்பிடுங்க, இதோ வந்துட்டேன்.”

மாடியேறிப் போனாள். இத்வல் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் ஷூவைக் கவிழ்த்தாள். விழுந்த சாவியோடு வந்து அலமாரியைத் திறந்து, “பாத்துக்குங்க, தூசி தும்பு இல்லாம வச்சிருக்காரு” என்றாள் பெருமையாக.

கெத்தின் கேக்கைத் தட்டில் வைத்துவிட்டார். “ஐயோ, ஏம்மா இப்படிப் பண்ணீங்க?”

உரிமம் இத்வல் பெயரில் மட்டும்தான். சட்டப்படி, சாவி இருக்கும் இடம் கட்டிய மனைவிக்குக்கூடத் தெரியக் கூடாது. பாவம், அவர் அவளிடம் மூச்சுக்கூட விட்டதில்லை. ஆனால் சனிக்கிழமைதோறும் அந்த ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவள் யார்? ஒளித்துவைக்க இடம் பார்த்தார் பாருங்கள், மகராசன்!

விஷயம் தெரிந்ததும் இத்வல் கத்தினார். “இவ யாரைய்யா சுடப்போறா? என்னைச் சுடணும்னா எப்பவோ சுட்டிருப்பாளே!”

கெத்தின் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “எனக்குத் தெரியாதா? கண்ணால பாத்துட்டேனே ஐயா. பாக்கலன்னு எழுதினா என் வேலை போயிடும்.”

துப்பாக்கி அவர் வண்டியில் ஏறியது. கோர்ட்டில் முறையிடலாம், மாசக்கணக்கில் இழுக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

“தெரியாதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடி?”

“எனக்குத் தெரியக் கூடாதுன்னு நீ சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாய்யா?”

அன்று இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

ஆடுகள் குட்டி போடும் பருவம் வந்தது. ஒரு காலையில் சினையாடு ஒன்று பள்ளத்தில் விழுந்து முதுகெலும்பு முறிந்து கிடந்தது. எழவும் முடியவில்லை, சாகவும் இல்லை. வேலிமேல் காக்கைகள் வந்து உட்கார்ந்துவிட்டன. உயிரோடிருக்கும் ஆட்டின் கண்ணைத்தான் அவை முதலில் கொத்தும். துப்பாக்கி இருந்தால் ஒரே குண்டில் அதன் வேதனை தீர்ந்திருக்கும்.

மென்னா வீட்டிலிருந்து போன்மேல் போன் போட்டாள். ஆற்றில் வெள்ளம், சுற்றிக்கொண்டு சாயங்காலம்தான் வர முடியும் என்றார் கால்நடை மருத்துவர். துப்பாக்கி வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணைக்காரர் சந்தைக்குப் போய்விட்டார். அவள் பள்ளத்துக்கு ஓடினாள். இத்வலின் கத்தி திறந்தபடி புல்லில் கிடந்தது.

“கை வரலடி” என்றார். “குட்டியா இருந்தப்போ புட்டிப்பால் குடுத்து வளத்தது.”

மழைக்கோட்டால் ஆட்டைப் போர்த்தியிருந்தார். அதன் முகத்தை மடியில் ஏந்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடியிருந்தார். மறு கையால் காக்கையை விரட்டி விரட்டி அவருக்குத் தோள் ஓய்ந்துபோயிருந்தது.

“எல்லாம் என்னாலதான்யா. என் கையை வெட்டிப் போடணும்.”

“வெட்டிக்காத, அந்தக் கை வேணும். இப்படி உக்காரு. அந்தக் கண்ண நீ மூடிக்க.”

ஈரத்தில் உட்கார்ந்து மூடினாள். உள்ளங்கைக்குக் கீழே இமை துடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் மத்தியானம்கூட ஆகவில்லை.