பேக்கரியின் சாவி

“அப்பா, அந்தப் பெரிய வீட்டுல யாரு குடியிருக்காங்க?”

இதைக் கேட்டபோது கீலி பாஸ்கோவுக்கு ஆறு வயது. அடிலெய்டில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் வண்டி நின்றிருந்தது. கோபுரமும் கல் வளைவுகளும் புல்வெளியுமாக நின்ற பல்கலைக்கழகத்தைத்தான் அவள் விரல் நீட்டிக் காட்டினாள்.

அப்பா ராஸ் எட்டிப் பார்த்தார். “தெரியலம்மா. நம்ம ஆளுங்க யாரும் இல்ல.”

அவர் பொய் சொல்லவில்லை. போர்ட் பிரியில், ஈய ஆலையின் புகைபோக்கி தெரிகிற எங்கள் தெருக்களிலிருந்து அதுவரை யாரும் அந்த வாசலுக்குள் போனதில்லை. பையன்கள் ஆலைக்குப் போனார்கள். பெண்கள் கடைகளுக்கும் முதியோர் இல்லத்துக்கும் போனார்கள். அதில் யாருக்கும் குறையும் இல்லை.

கீலி போனாள். சிவில் என்ஜினீயரிங் எடுத்து, தண்ணீர் எப்படி ஓடும், எங்கே தேங்கும், எந்தக் குழாய் எப்போது வெடிக்கும் என்று படித்தாள். வார நாட்களில் அடிலெய்டின் வடக்குப் புறநகரில் ஒரு வாடகை அறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்கு வந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஷுல்ட்ஸ் பேக்கரியில் வேலை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சேர்ந்த வேலை அது.

பேக்கரி முதலாளி டாரல் ஷுல்ட்ஸ் பெரிய உடம்பும் சின்னக் குரலுமான மனிதர். லூத்தரன் கோவிலில் கடைசி பெஞ்சில் உட்காருவார். முந்தின நாள் மீந்த ரொட்டியை யார் வீட்டு வாசலில் வைக்கிறார் என்பது அவருக்கும் அந்த வீட்டுக்காரர்களுக்கும் மட்டுமே தெரியும்.

எங்கள் ஊரில் புகழ்வதற்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் கேலி செய்வதாக நினைத்துக்கொள்வார்கள். அதிலும் தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றியோ தன் கடைப் பிள்ளையைப் பற்றியோ வெளியாளிடம் பெருமை பேசுவது, சாப்பாட்டு மேஜையில் காலைத் தூக்கிப் போடுகிற மாதிரி. அப்படித்தான் எங்களை வளர்த்தார்கள்.

படிப்பு முடிகிற வருஷம் கீலி அடிலெய்டில் இருக்கும் கம்பெனிக்கெல்லாம் விண்ணப்பித்தாள். புதுப் பட்டதாரிகளை வருஷத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பார்கள். தவறவிட்டால் அடுத்த வருஷம் புதிதாக ஒரு கூட்டம் வந்துவிடும். பழைய கூட்டத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கதவும் மூடி, கடைசியில் மிஞ்சியது ஒன்று. தண்ணீர்க் குழாய்த் திட்டங்கள் போடும் ஒரு கம்பெனி. அவர்கள் மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி, அடிலெய்டில் எல்லாரும் எல்லாரையும் கேட்பதுதான். “எந்த ஸ்கூல்?”

சொன்னாள்.

“ஓ, போர்ட் பிரியா? அந்தப் பக்கம் நான் மீன் புடிக்க வந்திருக்கேன்” என்றார் ஒருவர். வேறென்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் குழுவின் தலைவி ஹெலன் நன்றாகக் கேள்வி கேட்டாள். கீலியும் நன்றாகச் சொன்னாள். “உங்க முதலாளிகிட்ட ஃபோன்ல பேசுவோம்” என்று சொல்லி அனுப்பினாள் ஹெலன்.

ஃபோன் வந்தபோது பேக்கரியில் மதியக் கூட்டம். ராஸ் இறைச்சி அடைத்த மீட் பை வாங்க வந்து கவுன்டரில் நின்றிருந்தார். டாரல் மாவுக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

“கீலி தலைமை ஏத்து ஏதாவது செஞ்சிருக்காங்களா?” என்று கேட்டாள் ஹெலன்.

“தலைமையா? சேச்சே. அவ யாரையும் அதட்டவே மாட்டா.”

“அவங்ககிட்ட இருக்கிற பெரிய பலம் எதுன்னு சொல்லுவீங்க?”

டாரல் உண்மையாகவே யோசித்தார். “நேரத்துக்கு வந்துடுவா.”

“வேற?”

“சொன்னதச் செய்வா. வாயாட மாட்டா. குறை சொல்ல ஒண்ணும் இல்ல.”

“பத்துக்கு எத்தன மார்க் குடுப்பீங்க?”

“பத்துக்குப் பத்து ஆண்டவரத் தவிர யாருக்குங்க குடுக்க முடியும்? ஒரு ஏழு குடுக்கலாம்.”

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அவர் முகமெல்லாம் சிவந்திருந்தது. “ராஸ், உன் பொண்ண நல்லாத் தூக்கி விட்டுட்டேன்டா.”

“ரொம்ப ஏத்திட்டியா? தலைக்கனம் புடிச்சவன்னு நெனச்சுடப் போறாங்க.”

“ஏழு குடுத்தேன்!”

“ஏழா!” என்றார் ராஸ். அன்று மீட் பைக்கு டாரல் காசு வாங்கவில்லை.

அடுத்த வாரம் பதில் வந்தது. வேலை கீலிக்கு இல்லை. அவளோடு படித்த இமோஜனுக்கு.

இமோஜன் கெட்ட பெண் அல்ல. செய்தி தெரிந்ததும் கீலியைத் தேடி அவள் அறைக்கே வந்தாள். “எனக்கே வெக்கமா இருக்கு. உன் கணக்கப் பாத்துத்தான நான் பாதிப் பாடம் பாஸ் பண்ணேன். உனக்கு ரெஃபரன்ஸ் யாரு குடுத்தா?”

“பேக்கரி முதலாளி. உனக்கு?”

“அப்பாகூடச் சேந்து படகு ஓட்டுற ஃப்ரெண்ட் ஒருத்தர். ஒரு கோடைல அவரு ஆபீஸ்ல இருந்தேன். என்ன சொல்லணும்னு நான் எழுதிக் குடுத்தேன், அவரு அப்படியே படிச்சாரு.”

கீலிக்கு முதலில் புரியவில்லை. “நீயே எழுதினியா?”

“எல்லாரும் அப்படித்தான செய்வாங்க. உனக்கு யாரும் சொல்லலையா?”

கீலிக்கு யாரும் சொன்னதில்லை. இத்தனை வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே பாடம், ஒரே பரீட்சை. இமோஜனுக்கு மட்டும் தனியாக இன்னொரு பாடம், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே, சின்ன வயதிலிருந்து நடந்துகொண்டிருந்திருக்கிறது.

“ஏன் எடுக்கலன்னு ஃபோன் பண்ணிக் கேளு” என்றாள் இமோஜன்.

“அதெல்லாம் கேக்கலாமா?”

இப்போது இமோஜன்தான் திகைத்துப் போனாள்.

கீலி கேட்டாள். ஹெலன் மறைக்கவில்லை. “மார்க்ல நீங்கதான் மேல. ஆனா உங்க முதலாளி… ஸ்கூல் நாள்லேருந்து கூட வெச்சிருந்தவரு, நேரத்துக்கு வருவீங்கன்னு மட்டும் சொல்றாரு. அதுக்கு மேல கேட்டா ஏழு மார்க்னு நிறுத்திக்கிறாரு. ஏதோ சொல்லத் தயங்குறாருன்னு எங்களுக்குப் பட்டுச்சு. மன்னிச்சுக்கோங்க.”

ஃபோன் அணைந்த பிறகும் கீலி அதைக் காதிலேயே வைத்திருந்தாள்.

சனிக்கிழமை வேலைக்கு வந்தபோது ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். டாரல் கிச்சனர் பன்களுக்குள் க்ரீம் நிரப்பிக்கொண்டிருந்தார்.

“எப்ப வரச் சொன்னாங்க கண்ணு?”

“கெடைக்கல டாரல்.”

“என்னது? ஏன்?”

“சும்மாதான். வேற ஆளு எடுத்துட்டாங்க.”

“காரணம் இல்லாமயா? நான் அவ்வளவு சொல்லியிருக்கேனே!”

அவள் திரும்பி நின்று ட்ரேக்களை அடுக்கினாள். அவர் விடவில்லை. இரண்டாம் தடவையும் கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது, ஹெலன் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்.

டாரலின் கை க்ரீம் பையை அமுக்கியபடியே நின்றுவிட்டது. பன் நிரம்பி, க்ரீம் தட்டில் இறங்கி, மேஜையில் வழிந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை.

“ஏழு கம்மியா?” என்றார். “எங்கம்மாவுக்கே நான் எட்டுதான குடுப்பேன்.”

கீலி சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் உடைந்தது.

“உனக்குப் பதினேழு வயசுல கடைச் சாவியக் குடுத்தேன். எனக்கு இதயத்துல ஆபரேஷன் ஆனப்ப நீதான கடைய நடத்துன? மூணு பெரிய ஆளுங்க உன் பேச்சக் கேட்டு நடந்தாங்க. அதச் சொல்லியிருக்கணுமா? அதெல்லாம் சொல்ற விஷயமா?”

“எனக்கும் தெரியல டாரல்.”

“நான் இப்பவே பேசறேன்.”

“வேணாம். கெஞ்சுற மாதிரி இருக்கும். சத்தியமா பேசாதீங்க.”

அவர் சரி என்று தலையாட்டினார். வாழ்நாளில் அவர் கொடுத்து மீறிய வாக்கு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை மாவு மூட்டைகளுக்கு நடுவே கதவைச் சாத்திக்கொண்டு ஹெலனைக் கூப்பிட்டார். புகழ அவருக்கு இன்னமும் வரவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். சாவியைப் பற்றி, ஆபரேஷனைப் பற்றி. அடுப்பு பழுதாகி அணைந்துபோன ஒரு பெரிய வெள்ளிக்கு முந்தின நாள், அவள் பக்கத்து ஊர் பேக்கரிக்காரரிடம் பேசி அவருடைய அடுப்பில் ஊருக்கே அந்த நாளுக்கான சிலுவை பன் சுட்டதைப் பற்றி. “எனக்குப் பேசத் தெரியாது. அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?” என்று முடித்தார்.

“நான் உங்ககிட்டத் தப்பான கேள்வியக் கேட்டிருக்கேன்” என்றாள் ஹெலன்.

இடம் நிரம்பிவிட்டது. அதை மாற்ற முடியவில்லை. ஆனால் கோடை முடிவதற்குள் மரே ஆற்றங்கரையில், மார்கன் நீரேற்று நிலையத்தில், நகரத்துப் பிள்ளைகள் யாரும் போக விரும்பாத ஒரு தற்காலிக வேலைக்கு ஹெலன் கீலியைக் கூப்பிட்டாள். புழுதியும் வெயிலும் பம்புகளின் இரைச்சலுமான இடம். இமோஜன் தொடங்கிய படிக்குக் கீழே, பின்னால். கீலி அதை அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டு போனாள். அங்கிருந்துதான் ஏறி வந்தாள்.

பல வருஷங்கள் கழித்து, ஓய்வு பெறும் நாளில் ஹெலன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, டாரல் பண்ணிய அந்த இரண்டாவது ஃபோனைப் பற்றிச் சொன்னாள். எத்தனை கிறிஸ்துமஸுக்கு அவரைப் பார்த்திருக்கிறாள்! ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

அந்த முறை ஊருக்குப் போனபோது கடைக்குப் போய் கிச்சனர் பன் வாங்கினாள். டாரலுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. “எப்படி இருக்க?” என்றார். “மோசமில்ல” என்றாள். தனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூச்சத்தில் அவர் அடுப்புக்குள்ளேயே ஒளிந்துகொண்டிருப்பார்.

இப்போது ஆள் எடுக்கும் குழுவில் கீலி இருக்கிறாள். இந்த வருஷம் தூரத்து மேற்குக் கடற்கரைச் சிற்றூரான செடூனாவிலிருந்து ஒரு பெண் விண்ணப்பித்திருந்தாள். நெடுஞ்சாலை ஓரத்து பெட்ரோல் பங்க் ஹோட்டலில் வேலை பார்த்துக்கொண்டே படித்தவள். அந்த முதலாளி அம்மாவிடம் பேசிய சக ஊழியர், “ஒழுங்கா வருவாளாம், அவ்வளவுதான் சொன்னாங்க” என்று உதட்டைப் பிதுக்கி, அந்தப் பெண்ணின் பெயரை ஒதுக்கி வைத்தார்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபின் கீலி அறைக் கதவைச் சாத்தினாள். செடூனாவுக்கு ஃபோன் போட்டாள்.

“அவளப் பத்தி ஏற்கெனவே சொல்லிட்டேனே” என்றாள் அந்த அம்மா. பின்னால் லாரிகள் உறுமின.

“ஒண்ணே ஒண்ணு கேக்க மறந்துட்டோம். உங்க கடைச் சாவி அவகிட்ட இருக்கா?”

லாரிச் சத்தத்துக்கு மேல் அந்த அம்மா குரலை உயர்த்தினாள்.

“அவகிட்டதான் இருக்கு. ஏன் கேக்கறீங்க?”

கீலி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சும்மாதான். எப்படிக் குடுத்தீங்கன்னு சொல்லுங்களேன். எனக்கு நேரம் இருக்கு.”